ஈரோட்டு மஞ்சளும் பாடாத ரேடியோவும்

இலங்கைக்குப் போய்வந்தவர்கள் கண்டியைப் பார்த்தேன், சிகிரியாவில் ஏறினேன் என்று அளப்பார்கள். நான் பார்த்ததில் முக்கால்வாசி ஒரு பழைய காரின் அடிவயிறு. மீதிக் கால்வாசியில்தான் கடல், கோயில், மான், பாரை மீன் எல்லாம்.

போன காரியம் நல்ல காரியம். என் அக்காவைத் திருகோணமலையில் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் சிவநாதன் அந்தக் காலத்தில் ஈரோட்டுச் சந்தைக்கு ஜவுளி எடுக்க வருவார். கடைசியில் ஜவுளியோடு அக்காவையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். அவர்கள் மகள் மலருக்கு இப்போது கல்யாணப் பேச்சு. தாய்மாமன் வந்து உட்காராமல் பேச்சை முடிக்கக்கூடாது என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். அங்கே மாவுக்கும் மிளகாய்க்கும் தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டிருந்ததால் ஒரு பை நிறைய எங்கள் ஊர் மஞ்சள்தூள் கொண்டுபோனேன். சுங்க அதிகாரி பையைத் திறந்து மூக்கை நுழைத்து, தும்மி, மஞ்சள் மூக்கோடு என்னைப் போகச்சொன்னார்.

திருகோணமலை ஸ்டேஷன் வாசலில் அத்தான் காரோடு நின்றார். கூடவே மலரும். துறைமுகத்தை விட்டு வெள்ளைக்காரக் கடற்படை போனபோது, கப்பலில் ஏற்றாமல் ஒரு துரை விட்டுப்போன கார் அது. அத்தான் அதைக் கார் என்று சொல்லமாட்டார். "அவள்" என்பார். துடைத்துத் துடைத்துப் பெயிண்ட் தேய்ந்து உள்ளே தகரம் தெரிந்தது.

"ஏறுங்கோ மச்சான், முன்னுக்கு ஏறுங்கோ" என்றார். ஏறி உட்கார்ந்ததும் என் கால் நனைந்தது. கீழே தேங்காய்நார் மெத்தை, அதன்மேல் ஓலையில் சுற்றிய ஒரு பெரிய மீன்.

"தண்ணீராக இருக்கிறதே அத்தான்."

"அது மீன் தண்ணி. ஒவ்வொரு நாளும் அவளிலைதான் மீன் வாறது. பழகீடும்."

சொல்லிவிட்டு டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த ஒரு கறுப்புப் பெட்டியைப் பெருமையாகத் தட்டிக் காட்டினார். முன்பக்கம் கம்பிவலை, ஓரத்தில் ஒரு திருகுக் குமிழ். "ரேடியோவும் கிடக்கு. பாடாது. ஆனா கிடக்கு. ரேடியோ திருத்திறவன் ஒருத்தனைக் கூப்பிட்டுக் காட்டினனான். லண்டன் மாடல், திறக்க ஏலாது எண்டிட்டான்."

எங்கள் ஊரில் பாடாத ரேடியோவைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு ஈயப் பாத்திரம் வாங்குவோம். அத்தானோ அதைச் சாமி படம்போலத் துடைத்துவைத்திருந்தார்.

துறைமுகப் பக்கம் திரும்பியதும் 'அவள்' மூச்சுவிட ஆரம்பித்தாள். முதலில் பொனட் ஓரத்தில் லேசாக ஆவி. அப்புறம் உலைக்கொதி. அத்தான் இறங்கித் தலைப்பாகைத் துண்டால் ரேடியேட்டர் மூடியைத் திறக்க, தண்ணீர் ஒரு பனை உயரத்துக்கு எழும்பியது. பனை என்பது கொஞ்சம் அதிகம்தான், வாழை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் போன இரண்டு கடற்படைச் சிப்பாய்கள் நின்று பார்த்து, சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

"என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"நல்ல கார் எண்டு சொல்லுறாங்கள்" என்றார் அத்தான்.

பின்சீட்டிலிருந்து மலர், "இல்லை மாமா. இந்தக் கேத்தலிலை தேத்தண்ணி போட்டா எத்தினை பேர் குடிக்கலாம் எண்டு ஒராள் மற்றாளைக் கேக்கிறார்" என்றாள். அத்தான் கண்ணாடி வழியே அவளை முறைத்தார்.

பாலையூற்றில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச்சேருவதற்குள் மூன்று கிணறுகளில் தண்ணீர் வாங்கினோம். யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. காரைக் கண்டதுமே வாளியோடு வந்தார்கள்.

சாப்பாட்டைப்பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அரிசிமாப் பிட்டு, அதன்மேல் தேங்காய்ப்பால் சொதி, பக்கத்தில் பாரை மீன் குழம்பு. எங்களுக்கு மீன் என்றால் காவிரிக் கெண்டை, முள்ளோடு மல்லுக்கட்டி எழுந்திருப்பதற்குள் பசி போய்விடும். இங்கே ஒரு துண்டு மீன் உள்ளங்கை அகலம், முள் ஒன்றோ இரண்டோ. சீனிக்குத் தட்டுப்பாடு என்பதால் தேநீரை வெறுமையாகக் கொடுத்து, உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியை வைத்தார்கள். அதை ஒரு கடி, இதை ஒரு மிடறு. இரண்டு நாளில் பழகிப்போய், திரும்பி ஊருக்கு வந்தும் கொஞ்சநாள் அப்படியே குடித்து வீட்டில் திட்டு வாங்கினேன்.

சாப்பிட்டுக் கைகழுவக் கிணற்றடிக்குப் போனபோது மலர் வாளியோடு வந்தாள். முகம் சரியில்லை.

"மாமா, நீங்கள் பஸ் கொம்பனியிலைதானே வேலை? இந்தக் காரை எப்பிடியாவது சரிப்பண்ணித் தாங்கோ."

"கண்ணு, நான் அங்கே டிக்கெட் கணக்குப் பார்க்கிறவன். எனக்கும் என்ஜினுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது."

"அப்பா இந்தக் காரைச் சீதனமாத் தாறன் எண்டு வாய்விட்டிட்டார். ரேடியோவோடை எண்டும் சொல்லிப்போட்டார். மாப்பிள்ளை வீட்டுச் சனம் நாளைக்கு அடுத்த நாள் வருகினம். காரைப் பாத்துப்போட்டுத்தான் மிச்சக் கதை எண்டு அவரின்ரை அப்பா சொல்லியிருக்கிறார்."

'அவர்' என்பது குணம். கிளிவெட்டி ஊர், அங்கே பள்ளிக்கூட வாத்தியார். அத்தானின் ஜவுளிக்கடைக்குச் சாரம், அதாவது கைலி, வாங்க வந்தவர், மறுபடி வந்தார், மறுபடியும் வந்தார்.

"ஒரு மனிசனுக்கு எத்தினை சாரம் வேணும் மாமா?" என்று கேட்டுவிட்டு மலர் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்று கண் கலங்கிவிட்டது. "இந்தக் கார் கொதிச்சு என்ரை கலியாணம் நிண்டா நான் என்ன செய்யிறது?"

பிறந்த குழந்தையாக ஒருமுறை ஈரோட்டுக்கு வந்தபோது என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிய பெண். ஒரு தகர டப்பாவா இவள் வாழ்க்கையைத் தீர்மானிப்பது? சரி, அடிவயிற்றில் புகுந்தாவது பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை இறங்குதுறைப் பக்கம் இருந்த காதர் நானாவின் கராஜுக்குப் போனோம். கிண்ணியாக்காரர், குள்ளம், காதில் எப்போதும் ஒரு பீடித் துண்டு. அத்தான் என்னை அறிமுகப்படுத்தினார்: "இவர் என்ரை மச்சான். இந்தியாவிலை பஸ் கொம்பனி இஞ்சினியர்."

"ஐயோ, நான் கணக்குப் பார்க்கிறவன்" என்றேன்.

"பெரிய ஆக்கள் இப்பிடித்தான் தங்களைக் குறைச்சுச் சொல்லுவாங்க" என்று காதர் நானா மரியாதையாக ஒரு சாக்கை விரித்தார். "வாங்க, ரெண்டு பேருமாப் பாப்பம்."

அப்புறம் என்ன, படுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் ஊர்ந்தேன். மேலே துரு, கீழே எறும்பு. காதர் நானா முறையாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ரேடியேட்டரைத் தடவினார், காய்ந்து கிடந்தது. ரப்பர் குழாய்களை அமுக்கினார், வெடிப்பில்லை. தண்ணீர் பம்பின் கீழே விரல் வைத்தார், ஈரமில்லை. எண்ணெயில் தண்ணீர் கலந்தால் மோர்போல வெளுக்குமாம். அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்தார், எண்ணெய் கறுப்பாகவே இருந்தது. என்ஜினுக்குள் தண்ணீர் எரிந்தால் புகை வெள்ளையாக வருமாம். நான் பின்னால் குனிந்து புகையைப் பார்த்தேன். அதுவும் கறுப்பு, என் முகத்தைப்போல.

காதர் நானா பீடியைப் பற்றவைத்தார். "வெளியவும் போகல்ல. எண்ணெக்குள்ளயும் போகல்ல. புகையாவும் போகல்ல. அப்ப எங்க போகுது? நீங்க சொல்லுங்க இஞ்சினியர்."

நான் மோவாயைத் தடவி, "ம்ம்ம்" என்றேன். அதற்கே அவர் தலையை ஆட்டினார்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்கள் ஊரிலும் கார் நின்றால் கூட்டம் சேரும், ஆனால் தள்ளச்சொன்னதும் கலைந்துவிடும். இங்கே ஒருவரும் கலையவில்லை, ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். உப்புக்காற்று தண்ணீரைக் குடித்துவிடுகிறது என்றார் ஒருவர். முட்டை வெள்ளைக்கருவை ஊற்றினால் ஓட்டை அடைபடும் என்றார் இன்னொருவர். கன்னியா வெந்நீர் ஊற்றிலிருந்து எடுத்து ஊற்று, ஏற்கெனவே வெந்த தண்ணீர் மறுபடி கொதிக்காது என்றார் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். அத்தான் அதற்கு வாளியைத் தேடினார். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"தண்ணிக்கு நிறம் போடோணும்" என்றார் காதர் நானா. "நீலத்தக் கரைச்சு ஊத்தினா, ஒழுகிற இடத்தில கறை நிக்கும். கண்டுபிடிச்சிரலாம்."

துணிக்குப் போடும் நீலம் கடைத்தெரு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. அதற்கும் தட்டுப்பாடு. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. வாழ்க்கையில் அபூர்வமாக நடப்பது. "மஞ்சள் இருக்கிறது! ஈரோட்டு மஞ்சள்! அதன் கறை ஏழு தலைமுறைக்குப் போகாது!"

வீட்டுக்கு ஓடிப் பையை எடுத்தபோது அக்கா குறுக்கே நின்றாள். இருபது வருஷம் இலங்கைத் தமிழ் பேசினவளுக்குக் கோபத்தில் ஊர்ப் பேச்சு திரும்பிவந்தது. "ஏண்டா, கடல் தாண்டி எனக்குக் கொண்டாந்த மஞ்சளைக் காருக்கா ஊத்தறே? உனக்குப் பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா?"

பாதிப் பையோடு தப்பித்தேன். காதர் நானா அதைக் கரைத்து, தன் தோள் துண்டில் வடிகட்டி ரேடியேட்டரில் ஊற்றினார். உப்புவெளிவரை ஓட்டிப்போய்த் திரும்பினோம். வழியில் கரைவலைக்காரர்களிடம் அத்தான் ஒரு விளைமீன் வாங்கி வழக்கம்போல முன்பக்கம் என் காலடியில் போட்டார். நான் கால்களைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டேன்.

கராஜுக்கு வந்து பார்த்தால் தண்ணீர் குறைந்திருந்தது. மறுபடி அடியில் ஊர்ந்தேன். ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. காதர் நானா வானத்தைப் பார்த்தார். "இது மோட்டர் வேலையில்ல. வேற என்னமோ."

அன்றைக்குக் குசினியிலிருந்து (சமையல்கட்டுக்கு அங்கே அதுதான் பெயர்) அக்கா குரல் கேட்டது. "பரவாயில்லையே, மீன்காரன் மஞ்சளெல்லாம் தடவியே குடுத்துட்டான். வேலை மிச்சம்."

"நல்ல மனுஷன்" என்றேன் நான்.

"உப்புவெளிச் சனம் அப்பிடித்தான்" என்றார் அத்தான்.

பொரித்த மீன் பிரமாதம். இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மலர் மட்டும் சாப்பிடாமல் பிசைந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் மூதூர் லாஞ்சுப் படகில் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். குணத்தின் அப்பா வயல்காரர். நெடிய உருவம், வெளுத்த வேட்டி, தேவைக்குமேல் ஒரு சொல் பேசாதவர். அம்மா அதற்கு நேர்மாறு. ஒரு சட்டி எருமைத்தயிரை இடுப்பில் வைத்துக்கொண்டு, லாஞ்சில் யார் யார் வாந்தி எடுத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். குணம் பின்னால் வெட்கத்தோடு வந்தார். புதுச்சாரம் கட்டியிருந்தார்.

நேரே வீட்டுக்குக் கூட்டிப்போய் காரை மரநிழலில் நிறுத்திவைத்துக் காட்டிவிடுவது என்பது எங்கள் திட்டம். அந்த அம்மா கெடுத்தார். "முதல்லை கோணேசரைக் கும்பிட்டிட்டுத்தான் மற்றது. பிள்ளையும் எங்களோடை வரட்டும்."

கோணேசர் கோயில் கோட்டைக்குள் மலைமேல் இருக்கிறது. அத்தான் முகம் வெளிறியது. வீட்டு வாசலில் மலரையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினோம். முன்சீட்டில் குணத்தின் அப்பா. மெத்தையையும் மீன் வாடையையும் அக்கா காலையிலேயே அகற்றியிருந்தாள். பின்னால் அந்த அம்மா, மலர், நான், என் மடியில் தயிர்ச்சட்டி. குணம் சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு பின்னால் வந்தார். ஏற்றத்தில் அவர் எங்களை முந்திப்போய், மரியாதைக்காக நின்று காத்திருந்தார்.

கோட்டை வாசலைத் தாண்டினோம். 'அவள்' முனகத் தொடங்கினாள். அத்தான் சத்தத்தை மறைக்க உரக்கப் பேசினார். அப்போது குணத்தின் அப்பா முதல்முறையாக வாய் திறந்தார்.

"ரேடியோ கிடக்கெண்டு சொன்னியள். போடுங்கோ, செய்தி கேப்பம்."

"அது... இப்ப செய்தி நேரமில்லை..." என்றார் அத்தான்.

"பாட்டெண்டாலும் கேப்பம்" என்று அவரே கையை நீட்டிக் குமிழை முழுக்கத் திருகினார்.

முதலில் கொர்ர்ர் என்று ஒரு சத்தம். "பாடுது!" என்று அத்தான் தன்னை மறந்து கத்தினார். அடுத்த கணம் பெட்டியின் கம்பிவலை வழியாகச் சூடான காற்று புஸ்ஸென்று அடித்தது. அதன் பின்னாலேயே மஞ்சள் தண்ணீர். பளபளவென்ற ஈரோட்டு மஞ்சள். சம்பந்தியின் வெள்ளை வேட்டியிலும் இரண்டு பாதங்களிலும் வெதுவெதுப்பாகக் கொட்டியது. அவர் "ஆ!" என்று கால்களைத் தூக்கினார். அத்தான் பிரேக்கை மிதித்தார். தயிரில் கால்பங்கு என் சட்டைக்கு வந்தது.

கார் நின்றது. கோட்டையில் மேயும் புள்ளிமான்கள் இரண்டு கிட்டே வந்து எட்டிப்பார்த்தன. மலர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன்.

குணத்தின் அம்மா முன்சீட்டுக்குமேல் எட்டிப்பார்த்தார். கணவரின் பாதங்களைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இஞ்சை பாருங்கோ! கோயில் வாசல்லை மஞ்சள் தானா வந்து காலைத் தொட்டிட்டுது! சம்பந்தம் பேச வந்த இடத்திலை இதைவிட என்ன சகுனம் வேணும்?"

நான் முன்பக்கம் போய்த் தலைகீழாகக் குனிந்தேன். பெட்டியின் முதுகிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் முன்பக்கத் தகரத்தைத் துளைத்து என்ஜினுக்குப் போயின. அத்தானும் குனிந்தார். "ரேடியோவுக்கு என்னத்துக்கு மச்சான் தண்ணி?"

மலர் சேலைத் தலைப்பால் பெட்டியின் அடியில் இருந்த அழுக்கைத் துடைத்தாள். இங்கிலீஷ் எழுத்துகள் தெரிந்தன. எழுத்துக்கூட்டி வாசித்தவள் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, இது ரேடியோ இல்லை. ஹீட்டர். சீமையிலை குளிருக்கு என்ஜின் சுடுதண்ணியை இதுக்குள்ளை ஓடவிட்டுச் சூடு காயிறவையாம்."

திருகோணமலையில், சித்திரை வெயிலில், குளிர்காயும் பெட்டி! பத்து வருஷத்துக்கு மேலாக அதிலிருந்துதான் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் உள்ளே ஒழுகியிருக்கிறது. நாங்கள் அதை மீன் தண்ணீர் என்று துடைத்துக்கொண்டிருந்தோம். சட்டென்று எனக்கு ஒன்று உறைத்தது.

"அத்தான், அப்போது நேற்றைய மீன்?"

"மீன்!" என்று அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மீன்?" என்று கேட்டார் குணத்தின் அப்பா. நான் அவசரமாகத் தயிர்ச்சட்டியைத் தூக்கினேன்.

மீதி ஏற்றத்தை நடந்தே ஏறிச் சாமி கும்பிட்டோம். கீழே பாறையில் கடல் மோதியது, காற்று சட்டையில் தயிரைக் காயவைத்தது. குணமும் மலரும் பத்தடி இடைவெளி விட்டு நடந்தார்கள். இறங்கும்போது அது நாலடி ஆகியிருந்தது.

வீட்டில் வடையும் தேநீரும் கொடுத்த பிறகு நாற்காலிகளில் எல்லோரும் இறுகி உட்கார்ந்திருந்தோம். சம்பந்தி அம்மாவுக்குத் திருப்தி, ஆனால் முடிவு சொல்லவேண்டியவர் அவர் கணவர். அவர் தன் மஞ்சள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். குசினிக் கதவின் பின்னால் மலரின் சேலை ஓரம் அசையாமல் தெரிந்தது. அத்தான் தலையைக் குனிந்திருந்தார்.

குணத்தின் அப்பா தொண்டையைச் செருமினார். "எங்களிட்டை மாடு கிடக்கு. அது தண்ணி குடிச்சா எங்கை போகுதெண்டு எங்களுக்குத் தெரியும்." வேட்டியின் மஞ்சள் கறையை ஒருமுறை தடவிப் பார்த்தார். "காரை நீங்களே வைச்சிருங்கோ. பிள்ளையை மட்டும் தாங்கோ."

குசினிக்குள் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கு ஓட்டை தேடவேண்டியதில்லை. ஆனால் அத்தான் நாற்காலியை விட்டு எழுந்தார், முகம் சிவந்து. "ஏன், என்ரை காருக்கு என்ன குறை?" அக்கா அவர் தொடையில் கிள்ளிய கிள்ளில் மறுபடி உட்கார்ந்தார்.

காதர் நானா அந்தப் பெட்டியைக் கழற்றி, குழாய் போன வழியை அடைத்துக் கொடுத்தார். "இந்திய இஞ்சினியர்தான் மஞ்சள் போட்டுக் கண்டுபிடிச்சவர்" என்று துறைமுகம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். நான் மறுக்கவில்லை, இனிமேல் மறுத்து என்ன பயன்? நான் ஊருக்குக் கிளம்பிய அன்று அத்தான் என்னை ஸ்டேஷனுக்கு அதே காரில் கொண்டுவந்தார். ஒரு பொட்டு ஆவி இல்லை, என் கால் காய்ந்திருந்தது. வழியில் அவர் கை தன்னாலே டாஷ்போர்டுக்குக் கீழே போய், வெறும் ஆணித் துளைகளைத் தடவிவிட்டுத் திரும்பியது.

"என்னதான் சொன்னாலும் மச்சான், ரேடியோ இல்லாமல் பயணம் சப்பெண்டு கிடக்கு" என்றார்.